அச்சு யந்திரத்தின் நினைவகம்: சங்கக் காரியாலயங்கள் அறிய வேண்டியவை

(புதுச்சேரிக் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு மூலதனம் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் அங்கத்தினர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பெரும்பாலும் காகிதத்தைக் கொண்டே வளர்கிறது. பொதுப் பேரவைக் கூட்டத்தின் அறிவிப்பு, ஐந்தொகை, கடன் பாக்கிப் பட்டியல், வாக்காளர் பட்டியல், சிக்கன நிதிக் கணக்கு ஆகிய யாவும் காகிதத்தில் கண்ணுக்குத் தெரிந்த பின்னரே, சங்கம் தம்முடையது என்ற எண்ணம் அங்கத்தினருக்கு உறுதிப்படுகிறது. முற்காலத்தில் இவற்றைக் குமாஸ்தா கையால் எழுதினார். பிறகு தட்டச்சு யந்திரமும் சைக்ளோஸ்டைல் யந்திரமும் வந்தன. இன்று பல சங்கங்களில் கணிப்பொறியும், அதனோடு லேசர் பிரிண்டர் என்னும் அச்சு யந்திரமும் இடம் பெற்றுவிட்டன.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணிப்பொறி மயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. இவ்வாறு யந்திரங்கள் நம் காரியாலயங்களுக்கு விரைந்து வருகின்றன. அவற்றைக் கையாளும் அறிவும் அதே வேகத்தில் வர வேண்டும் அல்லவா? அச்சு யந்திரத்தைப் பொறுத்த வரையில் நம்மவர் அதிகம் கவனியாத ஒன்று அதன் நினைவகம். கடைக்காரர் ‘மெமரி’ என்று சொல்வது இதைத்தான். இதன் அளவு அறியாமல் வேலை கொடுத்தால், அங்கத்தினரின் பெயரே பட்டியலிலிருந்து மறைந்து போகக்கூடும். இது மிகைப்படுத்திச் சொல்வதன்று. நான் நேரில் கண்டது.

கீழ்ப்பாதி வெறுமையான தாள்

சில காலத்துக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். சிக்கன நிதியில் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் வரவு வைக்கப்பட்ட தொகையைக் காட்டும் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. ஆட்சேபம் உள்ளோர் 15 நாட்களுக்குள் எழுதித் தர வேண்டும் என்ற குறிப்பும் அதில் இருந்தது. நான் சென்ற அன்று 12 நாட்கள் கழிந்திருந்தன. வயது முதிர்ந்த நெசவாளப் பெண்மணி ஒருவர், தம் பாஸ் புத்தகத்தை ஒரு துணிப் பையில் வைத்துக்கொண்டு வாயிற்படியில் நின்றிருந்தார். “ஐயா, முப்பது வருஷமாகச் சங்கத்துக்கு நெய்கிறேன். என் பெயரை எடுத்துவிட்டார்களா?” என்று கேட்டார்.

பேரேட்டைப் பார்த்தேன், அவர் பெயர் இருந்தது. கணிப்பொறித் திரையில் பார்த்தேன், அங்கும் இருந்தது. பலகையில் ஒட்டிய தாளில் மட்டும் இல்லை. ஒரு தாள் 57ஆம் எண்ணோடு பாதியில் நின்றிருந்தது. அதன் கீழ்ப்பாதி வெறும் வெள்ளை. அடுத்த தாள் 71ஆம் எண்ணில் தொடங்கியது. இடையே 13 பெயர்கள் விடுபட்டிருந்தன. அந்தப் பதின்மூவரில் வந்து கேட்டவர் இந்த அம்மையார் ஒருவரே. மற்றப் பன்னிருவரும் பலகையைப் பார்க்கவில்லையோ, அல்லது பார்த்துவிட்டு மனம் வருந்தி வீடு திரும்பினார்களோ, யாரறிவார்?

குமாஸ்தாவை விசாரித்தேன். “சில நாட்களாக யந்திரத்தில் ஒரு விளக்கு எரிகிறது, ஐயா. மெமரி போதவில்லை என்று திரையில் வருகிறது. பட்டனை அழுத்தினால் தாள் வந்துவிடும்” என்றார். தாள் வந்தது உண்மைதான். தாளில் இருக்க வேண்டிய பெயர்கள் வரவில்லை. யந்திரம் பழுதாகிவிட்டது என்று கருதி, புதியது வாங்குவதற்கு விலைப்புள்ளி கேட்க நிர்வாகக் குழு தீர்மானமும் செய்திருந்தது. ஆனால் யந்திரத்தில் யாதொரு பழுதும் இல்லை. நடந்தது என்ன என்பதை அறிய, அந்த யந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சற்றுத் தெரிந்துகொள்வது அவசியம்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

பாஸ் புத்தகத்தில் பதிவு செய்வதற்கு டாட் மேட்ரிக்ஸ் என்னும் ஊசி அச்சு யந்திரத்தைச் சில சங்கங்கள் உபயோகிக்கின்றன. தறியில் நாடா ஓடுவது போல, அதன் தலைப்பகுதி இப்புறமும் அப்புறமும் ஓடி வரிவரியாக அச்சிடுகிறது. நெசவாளர் இடையில் எழுந்து சென்று, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து நெய்வதைப் போல, அந்த யந்திரமும் எந்த வரியிலும் நின்று, அடுத்த வரிக்கான செய்தி வந்ததும் தொடரலாம்.

லேசர் யந்திரத்துக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அதனுள் ஓர் உருளை இருக்கிறது. அதன் மேற்பரப்பில் மின்னேற்றம் சீராகப் பரப்பப்படுகிறது. லேசர் ஒளிக்கற்றை பட்ட புள்ளிகளில் அந்த மின்னேற்றம் மாறுகிறது. டோனர் என்னும் மைத்தூள் அப்புள்ளிகளில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு தூள் உருளையிலிருந்து தாளுக்கு மாறி, சூட்டினாலும் அழுத்தத்தினாலும் உருகித் தாளில் படிகிறது. இவ்வளவும் ஒரே ஓட்டத்தில் நடக்கின்றன. தாள் உள்ளே புகுந்து உருளை சுழலத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. நிமிஷத்துக்கு 12 தாள் அச்சிடும் யந்திரத்தில் ஒரு தாளுக்குக் கிடைப்பது 5 விநாடிதான். அதற்குள், எந்தப் புள்ளி கறுப்பு, எந்தப் புள்ளி வெள்ளை என்ற செய்தி லேசருக்குத் தடையின்றிச் சென்றுகொண்டிருக்க வேண்டும்.

ஆகவே, தாள் நகருமுன்பே பக்கத்தின் புள்ளிச் சித்திரம் யந்திரத்தின் நினைவகத்தில் தயாராகியிருக்க வேண்டும். ஜக்கார்டுத் தறியில் பூவேலை நெய்கிறவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். துளையிட்ட அட்டைகள் வரிசை பிசகாமல் கோக்கப்பட்டிருந்தால்தான் பூ தவறாமல் விழும். பூ பெரிதாகவும் நுணுக்கமாகவும் ஆக ஆக, அட்டைகளின் எண்ணிக்கையும் பெருகும். அட்டை ஒன்று விடுபட்டாலும் பூ சிதையும்.

களமும் குதிரும்

நினைவகம் என்ற சொல்லைக் கேட்டதும், என்றென்றைக்கும் சேர்த்து வைக்கும் இடம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. உழவர்களுக்கு ஓர் உவமையால் விளக்கலாம். நெல்லை ஆண்டு முழுவதும் வைத்திருப்பது குதிர். அறுத்த கதிரைக் கொண்டு வந்து பரப்பி, அடித்து, தூற்றி, அள்ளுவது களம். கணிப்பொறியின் வட்டில் உள்ள கோப்புகள் குதிரில் உள்ள நெல்லைப் போன்றவை. அச்சு யந்திரத்தின் நினைவகமோ களத்தைப் போன்றது. வேலை நடக்கும் போது மட்டும் அங்கே சரக்கு இருக்கும். ஒரு பக்கம் முடிந்ததும் அதனை அகற்றி, அடுத்த பக்கத்துக்கு இடம் செய்யப்படும். மின்சாரத்தை நிறுத்தினால் களம் முழுவதும் காலியாகிவிடும்.

பாகூர்ப் பக்கத்து உழவர் ஒருவரிடம், பத்து வண்டிக் கதிரை இரண்டு வண்டி கொள்ளும் களத்தில் ஒரே சமயத்தில் இறக்கச் சொன்னால் அவர் நகைப்பார். அச்சு யந்திரத்திடம் நாம் அன்றாடம் அப்படித்தான் சொல்கிறோம். அது நகைப்பதில்லை. விளக்கை எரித்துக் காட்டுகிறது. நாம் பட்டனை அழுத்துகிறோம்.

புள்ளிக் கணக்கு

ஒரு பக்கத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஏ4 தாளின் அளவு 210 மில்லிமீட்டருக்கு 297 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் அச்சிட்டால், அகலத்தில் 4,960 புள்ளிகளும் உயரத்தில் 7,016 புள்ளிகளும் அமையும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். கறுப்பு வெள்ளை அச்சில் எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு பைட் இடம் தேவை. ஆகவே ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 43 லட்சத்து 50 ஆயிரம் பைட், அதாவது 4 மெகாபைட்டுக்குச் சற்று மேல் வேண்டியிருக்கிறது.

நுணுக்கத்தை 300 புள்ளிகளாகக் குறைத்தால் இடம் பாதியாகும் என்று எண்ண வேண்டாம். அகலத்திலும் பாதி, உயரத்திலும் பாதி ஆவதால், இடம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்து, சுமார் 11 லட்சம் பைட் ஆகிறது. அவ்வாறே 1,200 புள்ளிகளாக உயர்த்தினால் இடம் நான்கு மடங்காகி, 1 கோடியே 74 லட்சம் பைட்டை எட்டுகிறது. அறிவிப்புக் கடிதம் ஒன்றுக்கு 1,200 புள்ளி நுணுக்கம் வைப்பது, வேட்டிக்குக் கரை போட வேண்டிய இடத்தில் பட்டுப் புடவையின் முந்தானைப் பூவைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஒரே பொறி, இரு யந்திரங்கள்

லேசர் அச்சு முறையை உருவாக்கியவர் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த கேரி ஸ்டார்க்வெதர். 1970களின் தொடக்கத்தில் அவர் அதனைச் செய்து காட்டினார். ஆயினும் மேஜைமேல் வைக்கக்கூடிய யந்திரம் சிறிய காரியாலயங்களுக்குக் கிடைத்தது 1980களிலேதான். 1984ஆம் ஆண்டில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் லேசர்ஜெட் என்ற யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டர் என்ற யந்திரத்தை வெளியிட்டது. இரண்டிலும் உள்ளே இருந்தது ஜப்பானியக் கேனன் நிறுவனத்தின் ஒரே அச்சுப் பொறி. இரண்டின் நுணுக்கமும் 300 புள்ளிகளே. ஆனால் விலை முதலாவதற்கு 3,495 டாலர்; இரண்டாவதற்கு 6,995 டாலர்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கிய காரணம் நினைவகமாகும். லேசர்ஜெட்டில் இருந்தது 128 கிலோபைட். மேலே கண்ட கணக்கின்படி, 300 புள்ளி நுணுக்கத்தில் முழுப்பக்கப் படத்துக்குச் சுமார் 11 லட்சம் பைட் வேண்டும். ஆகவே அந்த யந்திரம் எழுத்துக்களை நன்கு அச்சிட்டது. முழுப்பக்கப் படத்தை அதே நுணுக்கத்தில் அச்சிட அதனால் இயலவில்லை. லேசர்ரைட்டரில் 1.5 மெகாபைட் இருந்தது. பக்கம் முழுவதையும் அது தன்னுள் பரப்பிக்கொள்ள முடிந்தது. பொறி ஒன்றாக இருந்தும் களத்தின் அளவு வேறாக இருந்ததால், செய்யக்கூடிய வேலையும் வேறாயிற்று.

128 கிலோபைட்டில் எழுத்துக்கள் எப்படி அச்சாயின என்று கேட்கலாம். ‘இந்த இடத்தில் இந்த எழுத்து’ என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டால் மிகச் சிறிய இடமே போதும். எழுத்தின் வடிவம் யந்திரத்தினுள் ஏற்கெனவே நிரந்தரமாக இருக்கும். இங்கேதான் நம் தமிழுக்குரிய சங்கடம் தொடங்குகிறது.

தமிழ் எழுத்துக்கு ஏன் அதிக இடம்?

பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழ் 1908 முதல் 1910 வரை புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. அக்காலத்து அச்சகங்களில் ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துப் பக்கம் அமைப்பார்கள். அச்சகத்தில் உள்ள ஈய எழுத்துக்களின் தொகை ஓர் அளவுக்கு உட்பட்டது. சில பக்கங்களைக் கோத்து, அச்சிட்டு முடித்து, எழுத்துக்களைப் பிரித்து அறைகளில் போட்ட பிறகே அடுத்த பக்கங்களைக் கோக்க முடியும். தலைப்புக்கு ஒரு வகை, உட்பகுதிக்கு ஒரு வகை, கட்டத்துக்குள் வேறொரு வகை என்று கேட்டால் அச்சுக் கோப்பவர் தலையில் கை வைப்பார். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி எழுத்துப் பெட்டிகள் வேண்டும்.

இன்றைய யந்திரத்திலும் நிலைமை அதுவே. நாமாகவே பக்கம் அமைக்கும் லேசர் யந்திரங்களில் ஆங்கில எழுத்து வடிவங்கள் சில நிரந்தரமாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சு மொழிக்குரிய குறியிட்ட எழுத்துக்களும் அவற்றோடு இருக்கும். சாதாரணக் காரியாலய யந்திரங்களில் தமிழ் எழுத்துரு அவ்வாறு வைக்கப்படுவதில்லை. ஆகவே கணிப்பொறி ஒவ்வொரு வேலைக்கும் தமிழ் எழுத்து வடிவங்களை அனுப்ப வேண்டியிருக்கிறது. இல்லையேல் எழுத்துக்களையே படமாக்கி அனுப்புகிறது. எப்படியாயினும் அவை நினைவகத்தில் இடம் பிடிக்கின்றன. ஒரே கோப்பில் நான்கு வகைத் தமிழ் எழுத்துரு இருந்தால் நான்கு பெட்டிகளுக்கு இடம் வேண்டும். நம் சங்கங்களிலோ பழைய கோப்பு ஓர் எழுத்துருவில், புதிய கோப்பு வேறோர் எழுத்துருவில் இருக்கும். இரண்டையும் ஒட்டிப் பட்டியல் தயாரிப்பது வழக்கம். மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் வழங்குவதால், நான்கு பகுதிகளுக்கும் பொதுவான அறிக்கை ஒன்றில் மூன்று இந்திய எழுத்து வகைகள் ஒன்றாக வந்துவிடுகின்றன.

இரு வகை யந்திரங்கள்

சில அங்கத்தினர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். “எங்கள் சங்கத்துச் சிறிய யந்திரத்தில் 2 மெகாபைட்தான் இருக்கிறதாம். 600 புள்ளிப் பக்கத்துக்கு 4 மெகாபைட் வேண்டுமென்றால் அது எப்படி வேலை செய்கிறது?” என்பது நியாயமான கேள்வி. நம் நாட்டுச் சிறு காரியாலயங்களில் மிகுதியாகக் காணப்படும் கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 ஆகிய இரண்டிலும் உள்ளது 2 மெகாபைட்டே. இவை பக்கத்தைத் தாமே அமைப்பதில்லை. கணிப்பொறியே பக்கத்தைப் புள்ளிகளாக்கி, சுருக்கி, மூட்டை கட்டி அனுப்புகிறது. யந்திரம் அதை அவிழ்த்துக்கொண்டே அச்சிடுகிறது. பக்கத்தின் பெரும்பகுதி வெறும் வெள்ளையாதலால் நன்றாகச் சுருங்கிவிடும். கதிரைக் களத்துக்கு வெளியிலேயே அடித்து, நெல்லாக மட்டும் கொண்டு வருவதைப் போன்றது இது.

இவ்வகை யந்திரத்தில் வேலை தடைப்பட்டால், முதலில் பார்க்க வேண்டியது கணிப்பொறியை. அதன் நினைவகம் குறைவாக இருக்கலாம். ஒரே சமயத்தில் பல நிரல்கள் திறந்திருக்கலாம். வட்டில் வெற்றிடம் இல்லாமல் போயிருக்கலாம். அச்சுக்குச் செல்லும் கோப்பு சிறிது நேரம் வட்டில் தங்கிச் செல்வதால், வட்டு நிறைந்திருந்தாலும் அச்சு நின்றுவிடும். பக்கத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் மற்ற வகை யந்திரத்திலோ, அதன் சொந்த நினைவகமே முக்கியம். நம் யந்திரம் எந்த வகை என்பதைக் காரியதரிசியும் குமாஸ்தாவும் அறிந்திருக்க வேண்டும். பல யந்திரங்களில் ஒரு பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அமைப்பு விவரத் தாள் ஒன்று அச்சாகும். நினைவகம் உள்ளிட்ட விவரங்கள் அதில் காணப்படும். அத்தாளை யந்திரத்தின் அருகிலேயே ஒட்டி வைப்பது நலம்.

சிக்கனமாகக் கையாளும் முறைகள்

1. சின்னத்தைச் சுருக்குக. சங்கத்தின் சின்னத்தையோ முத்திரையையோ வருடி எடுத்துத் தலைப்பில் பதிப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு அங்குலச் சதுரச் சின்னத்தை வண்ணத்தில் 600 புள்ளி நுணுக்கத்தில் வருடினால், சுருக்காத நிலையில் அதற்கு 43 லட்சத்து 20 ஆயிரம் பைட் வேண்டும். அதாவது ஒரு முழுப் பக்கத்துக்குச் சமமான இடத்தை அந்தச் சிறு சின்னமே விழுங்கிவிடும். அதையே கறுப்பு வெள்ளையில் 300 புள்ளி நுணுக்கத்தில் வருடினால் 45 ஆயிரம் பைட் போதும். 96இல் ஒரு பங்கு! கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது.

2. கோப்பின் அளவைக் கண்டு ஏமாறற்க. புகைப்படக் கோப்பு வட்டில் சுருங்கிய நிலையில் சிறிதாகத் தோன்றும். அச்சிடும்போது அது விரிந்தே ஆக வேண்டும். பக்கம் முழுவதும் நிறையும் 600 புள்ளி வண்ணப் படம் விரிந்தால் 10 கோடி பைட்டுக்கு மேல் வரும்.

3. எழுத்துருக்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். தலைப்புக்கு ஒன்று, உட்பகுதிக்கு ஒன்று போதும். கூடுமானால் ஒன்றே போதும்.

4. நுணுக்கத்தை வேலைக்குத் தக்கபடி வைக்க. பட்டியலுக்கும் கடிதத்துக்கும் 600 புள்ளி தாராளம். இடம் போதவில்லை என்று யந்திரம் சொன்னால் 300க்கு இறக்கிப் பார்க்கலாம். டோனர் சிக்கன முறை என்று ஒன்று உண்டு. அது மைத்தூளை மிச்சப்படுத்தும், நினைவகத்தை மிச்சப்படுத்தாது. இரண்டையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது.

5. நீண்ட பட்டியலைப் பிரித்து அனுப்புக. 200 பக்கப் பட்டியலை 20 பக்கமாக அனுப்பினால், நடுவில் தவறு நேர்ந்தாலும் எங்கே நேர்ந்தது என்று உடனே தெரியும்.

6. பிரதிகள் எடுக்கும் முறையைக் கவனிக்க. பல பக்க அறிக்கைக்கு 30 பிரதிகள் வேண்டுமானால், வரிசைப்படுத்தி அடுக்கித் தரும்படி யந்திரத்தைக் கேட்கிறோம். அதற்காக அறிக்கை முழுவதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய யந்திரங்கள் உண்டு. இடம் குறைவானால் ஒவ்வொரு பக்கத்தையும் 30 தடவை அச்சிட்டுக்கொண்டு கையால் அடுக்கிவிடலாம். சில நூறு பிரதிகளுக்கு மேல் வேண்டியிருந்தால் அச்சகத்தில் விலை விசாரிப்பதே உசிதம்.

7. இரு பக்க அச்சு. தாளின் இருபுறமும் அச்சிடும்போது இரண்டு பக்கங்களின் செய்தியை ஒருங்கே வைத்திருக்க வேண்டியிருக்கும். இடக்குறைவு அறிவிப்பு வந்தால் ஒருபுற அச்சுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

8. திரும்பத் திரும்ப அனுப்பற்க. தாள் வரத் தாமதமானால் மறுபடியும் மறுபடியும் அச்சுக் கட்டளை கொடுப்பது நம்மிடையே பெரும் பழக்கம். ஒவ்வொரு கட்டளையும் வரிசையில் சேர்ந்து நிற்கும். யந்திரத்தை அணைத்துப் போட்டால் அதன் நினைவகம் காலியாகும். ஆனால் கணிப்பொறியின் வரிசையில் நிற்கும் அதே வேலை மீண்டும் வந்து இறங்கும். ஆகவே முதலில் கணிப்பொறியின் அச்சு வரிசையில் உள்ளதை நீக்க வேண்டும். பிறகு யந்திரத்தை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்து, மீண்டும் போட வேண்டும்.

புதிய நினைவகம் வாங்கலாமா?

சில பெரிய யந்திரங்களில் கூடுதல் நினைவகத் தகடு பொருத்துவதற்கு இடம் உண்டு. சிறிய யந்திரங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. வாங்குவதற்கு முன் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். நிர்வாகக் குழுவின் முன் கொள்முதல் தீர்மானம் வரும்போது, அங்கத்தினர்கள் மூன்று கேள்விகள் கேட்கலாம். இடக்குறைவு அறிவிப்பு எல்லாக் கோப்புகளுக்கும் வருகிறதா, ஒரு சில கோப்புகளுக்கு மட்டும் வருகிறதா? மேலே சொன்ன சிக்கன முறைகள் செய்து பார்க்கப்பட்டனவா? இந்த யந்திரத்தில் நினைவகம் கூட்ட முடியுமா? இம்மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு வாங்கும் யந்திரமே சங்கத்துக்கு லாபம் தரும்.

அங்கத்தினரின் இரகசியம்

இன்னும் ஒரு விஷயம். சாதாரண நினைவகம் மின்சாரம் நின்றதும் வெறுமையாகிவிடும் என்று சொன்னோம். நகல் எடுத்தல், வருடுதல், அச்சிடல் எல்லாம் சேர்ந்த பெரிய யந்திரங்கள் சிலவற்றில் நிரந்தர வட்டும் இருக்கும். அங்கத்தினரின் கடன் பாக்கி, ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் முதலியவை அதில் தங்கியிருக்கக்கூடும். அத்தகைய யந்திரத்தை விற்கும்போதும், வாடகைக்குக் கொடுத்தவரிடம் திருப்பும்போதும், வட்டில் உள்ளவற்றை அழிக்கச் செய்து எழுத்து மூலம் உறுதி பெற வேண்டும். தனிநபர் விவரங்களைப் பாதுகாப்பதற்கென 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிடினும் இது சங்கத்தின் கடமையே.

எண்ணிப் பார்த்து ஒட்டுக

மீண்டும் அந்த நெசவாளர் சங்கத்துக்கு வருவோம். பட்டியலைத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வண்ணச் சின்னம் 600 புள்ளி நுணுக்கத்தில் பதிக்கப்பட்டிருந்தது. எழுத்துரு நான்கு வகை. சின்னத்தைக் கறுப்பு வெள்ளையில் சிறிதாக்கி, எழுத்துருவை ஒன்றாக்கி, அதே யந்திரத்தில் மறுபடி அச்சிட்டோம். விளக்கு எரியவில்லை. எல்லாத் தாள்களும் முழுமையாக வந்தன. பழைய பட்டியலை அகற்றிப் புதியதை ஒட்டச் செய்து, ஆட்சேபத்துக்குரிய 15 நாள் கெடுவையும் அன்றிலிருந்து கணக்கிடும்படி குறிப்பு எழுதினேன். விடுபட்ட மற்றப் பன்னிருவருக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சொல்லப்பட்டது. கொள்முதல் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த அம்மையார் பலகையருகே நின்று, தம் பெயரின்மேல் விரலை வைத்துப் பார்த்து, தொகையைப் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டே சென்றார்.

அவர் செய்ததைக் காரியாலயத்தில் நாமே முதலில் செய்திருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று யந்திரம் அறிவித்தால், பட்டனை அழுத்தி வந்த தாளை முழுமையான தாள் என்று ஏற்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் ‘18 பக்கங்களில் 3ஆம் பக்கம்’ என்பது போல எண் இடுக. பட்டியலின் முடிவில் மொத்தப் பெயர்களின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் காட்டுக. பலகையில் ஒட்டுமுன் ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பேரேட்டோடு ஒத்துப் பார்க்க. 13 பெயர்கள் விடுபட்டதை அந்த யந்திரம் அறியாது. அறிய வேண்டியவர்கள் நாமே.